கிளீட்டஸ் சொன்ன குகை

கப்பலின் ஒலிபெருக்கி அன்று காலையில் மூன்றாவது தடவையாக அதையே ஓதியது. செயின்ட் அகதா தீவிலிருந்து மாலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. எல்லோரும் நாலரைக்குள் ஏறிவிட வேண்டும். கப்பல் நடத்தும் சுற்றுலாவுக்குப் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தங்கள் போக்கில் சுற்றப் போனவர்களுக்குக் காத்திருக்காது.

"கேட்டியாக்கா? நம்மளத்தான் சொல்லுகான்," என்றான் ஆன்றோ.

டெல்பின் ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள். "நாலரைக்கு இன்னும் எட்டு மணி நேரம் கிடக்கு. வாயை மூடிட்டு நடக்கப் பாரு."

ஆன்றோ அவளுடைய சித்தப்பா மகன். டல்லாஸில் மேற்படிப்பு படிக்கிறான். வயது இருபத்து நாலு, தொப்பைக்கு மட்டும் நாற்பது. கடலாமைகளோடு நீந்தும் சுற்றுலாவுக்கு ஆசை ஆசையாகக் கிளம்பியவனைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்திருந்தாள் டெல்பின். கூட வந்த இன்னொருத்தி நவமணி. ஹூஸ்டனில் டெல்பினோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ். ராசிபுரத்து லாரிக்காரர் வீட்டுப் பெண். அவளுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குளியலறை வாளியோடு சரி. கப்பலில் ஏறிய நான்கு நாளும் கைப்பிடிக் கம்பியை விடாமல் நடந்தவள், தரையில் கால் வைத்ததும்தான் சிரித்தாள்.

இந்த மூவரும் தேடிப் போனது ஒரு குகையை. அதற்குள் பொன்னும் மணியும் இல்லை. பதினொரு கோடுகள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவா இத்தனை கடல் தாண்டி வந்தார்கள் என்று கேட்காதீர்கள். விஷயத்தைக் கேட்டால் நீங்களும் வந்திருப்பீர்கள்.

டெல்பினின் அப்பா கிளீட்டஸ், குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரர். பரம்பரையாக மீன் பிடிக்கிறவர். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார். இந்தத் தீவுக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டிருந்தபோது, வெளிப்பக்கம் துரு சுரண்ட அவரையும் அவருடைய கூட்டாளி ஏசுதாசனையும் ஒரு சின்னப் படகில் இறக்கிவிட்டார்கள். திடீரென்று புயல் பிடித்தது. படகு கயிறு அறுந்து போய்த் தெற்குக் கரைப் பாறையில் மோதிச் சிதறியது. ஏசுதாசனுக்குக் கால் ஒடிந்தது. கிளீட்டஸ் அவரைத் தூக்கிக்கொண்டு ஒரு குகைக்குள் ஏறினார். கடல் வழியைத் தவிர வேறு வழியே இல்லாத குகை. அலை அடங்கவில்லை, கூட்டாளியை விட்டுவிட்டு நீந்த மனமும் வரவில்லை. பதினொரு நாள்! சுவரில் ஒழுகிய தண்ணீரைக் குடித்து, மீனைப் பச்சையாகத் தின்று, நாளுக்கொரு கோடாகச் சுவரில் கீறிக்கொண்டு கிடந்தார்கள். கடைசியில் வேறொரு தீவின் மீன்படகு கண்டு ஏற்றிக்கொண்டு போனது.

அதற்குள் கப்பல் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் "இருவரும் ஓடிப்போனார்கள்" என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதோடு கப்பல் வேலை போயிற்று. மூன்று மாதம் கழித்து வீடு வந்து சேர்ந்தவரை ஊர் என்ன சொன்னது தெரியுமா? தீவில் குடித்துக் கும்மாளம் போட்டுவிட்டு, பிடிபட்டதும் குகைக் கதை கட்டுகிறான் என்றது. சாட்சி சொல்ல வேண்டிய ஏசுதாசன் மறு வருஷமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். கிளீட்டஸ் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். வலையின் கிழிசலைப் பொத்தும்போது, கஞ்சி குடிக்கும்போது, கல்யாணப் பந்தலில், எங்கேயும்.

டெல்பினுக்குப் பதினைந்து வயதானபோது ஒரு நாள், பள்ளியில் "தீவுக்காரன் மோளு" என்று யாரோ சிரித்ததைப் பொறுக்க முடியாமல் வீட்டுக்கு ஓடி வந்தாள். முற்றத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்க, அப்பா அந்தக் கதையில் பாதியில் இருந்தார். "நிப்பாட்டுங்கப்பா. உங்க பொய்யால எனக்குத் தலை காட்ட முடியல," என்றாள்.

அவர் நிறுத்தினார். பதினாலு வருஷமாக அந்தக் கதையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

அந்த ஒரு வார்த்தை டெல்பினைத் தின்றது. குகை இருந்தால் அவர் காலில் விழ வேண்டும். குகை இல்லாவிட்டால்? அதனால்தான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்தாள். தேடிப் பார்த்து இல்லை என்று ஆனால், மகள் சோதிக்கப் போனாள் என்று அவருக்குத் தெரியவே கூடாது.

வழி அவளுக்கு மனப்பாடம். நூறு தடவை கேட்டது. "குருசு இடுக்குல நிக்கணும். வெள்ளக் கல்லு மேல ஒத்தத் தென்னை ஏறணும். அப்ப வாய் தெரியும்."

*

துறைமுகத்திலிருந்து தெற்கே கிரேப் பே என்ற மீனவ ஊருக்கு ஒரு வேன் போனது. பதினாலு பேர் ஏறும் வண்டியில் இருபது பேர், இரண்டு கோழி. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரனை அழுத்தினாரே தவிர பிரேக்கைத் தொடவில்லை. நவமணிக்கு மட்டும் அது பிடித்திருந்தது. "எங்கப்பா கொல்லிமலையில இப்படித்தான் ஓட்டுவாரு புள்ள," என்று முன் சீட்டைத் தட்டினாள்.

கிரேப் பேயில் இறங்கியதும் டெல்பின் சுற்றிலும் பார்த்தாள். கடலோரம் மஞ்சள் பூசிய சின்னக் கோயில். அதன் உச்சியில் சிலுவை, அப்பா சொல்லும் குருசு. பின்னால் இரட்டை மலை, நடுவே பிளவு.

"குருசும் இருக்கு, இடுக்கும் இருக்கு. எக்கா, பெரியப்பா சொன்னது அப்படியே நிக்குது," என்றான் ஆன்றோ.

கடையில் விசாரித்தார்கள். மலைப் பிளவில் ஒரு கல் குருசு இருக்கிறது, வருஷம் ஒரு தடவை ஊர்வலம் போகும் என்றாள் கடைக்காரி. கேட்க வேண்டுமா? குருசு இடுக்கில் நிற்கிறது! வழி கிடைத்துவிட்டது, குகைக்குள் போகக் கடல் வழிதான் என்றாலும் வாயை மேலிருந்தே கண்டுவிடலாம் என்று மூவரும் மலையேறினார்கள்.

ஏறினார்கள், ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். புதர் முழங்காலைக் கீறியது. சிவப்பு மண் ஷூவைப் பிடித்து இழுத்தது. ஒரு இடத்தில் ஆன்றோ மரவேர் என்று நினைத்துக் கையை ஊன்ற, அது நகர்ந்து போயிற்று. பாம்பு! அவன் கத்திய கத்தலில் பாம்புதான் பயந்து ஓடியது. பதினொன்றரை மணிக்குப் பிளவை அடைந்தபோது மூவரும் வேர்வையில் குளித்திருந்தார்கள். கல் குருசு நின்றது. அங்கிருந்து பார்த்தால், கொஞ்ச தூரத்தில் ஒரு வெள்ளைக் கல்லும் தெரிந்தது!

ஓடினார்கள். சுண்ணாம்பு அடித்த மைல்கல். பக்கத்தில் தென்னை ஒன்றில்லை, ஒன்பது நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் துழாவினார்கள். "வாய்" என்று சொல்லத்தக்கதாக அகப்பட்டது ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியும், அதற்குள் நின்று அவர்களை முறைத்த ஒரு ஆடும்தான்.

மணி ஒன்றே கால். டெல்பின் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து நவமணி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"இல்ல நவமணி. இங்க ஒண்ணும் இல்ல. அவரு கதைதான் சொல்லியிருக்காரு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. பொய் சொன்ன அப்பாவை மன்னிக்க அவளால் முடியும். ஆனால் பொய் இல்லை என்று ஒரு தடவையாவது பார்த்துவிட எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"போலாம் புள்ள. கப்பலு நமக்கு நிக்காது," என்றாள் நவமணி மெதுவாக.

*

இறங்கி வந்தபோது பசி காதை அடைத்தது. கடற்கரையில் ஒருத்தி உப்பு மீனை வதக்கி ரொட்டிக்குள் வைத்து விற்றாள். ஆன்றோ ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடினான். "எக்கா, கருவாடு."

டெல்பின் தன் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள். கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் படகு ஒன்று கரைக்கு வந்துகொண்டிருந்தது. ஓட்டியவள் ஐம்பது வயதுப் பெண், பனைமரம் போல உடம்பு. பவளப் பாறைக்கு நடுவே ஒரு சந்து வழியாகப் படகை நுழைக்கும் முன், அவள் தலையை நிமிர்த்திக் கோயிலைப் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் திரும்பி மலை முனையைப் பார்த்தாள். மறுபடி கோயில், மறுபடி முனை. படகைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்கி, மறுபடி பார்த்து, அப்புறம்தான் உள்ளே விட்டாள்.

டெல்பின் துள்ளி எழுந்தாள். ரொட்டி மணலில் விழுந்தது.

"லேய் ஆன்றோ, நமக்கு மண்டையில களிமண்ணாலே இருக்கு?"

"என்னக்கா?"

"கணிச்சம்லே. அப்பா சொன்னது கணிச்சம்!"

கன்னியாகுமரிக் கடற்காரனுக்குக் கடலில் முகவரி கிடையாது. ஆழத்தில் கிடக்கும் பாறையையோ மீன் கூடும் இடத்தையோ அவன் கணிச்சம் வைத்துத்தான் திரும்பக் கண்டுபிடிப்பான். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு பொருளை ஒரே நேர்க்கோட்டில் பார்ப்பான். இன்னொரு பக்கம் அதேபோல் இரண்டு. இரண்டு கோடும் சேரும் இடத்தில் படகு நிற்கும். எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் திரும்பிப் பார்த்துக் கணிச்சம் எடுத்துக்கொள்வது அவன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். மீட்டுப் போன படகிலிருந்தும் கிளீட்டஸ் அதைத்தான் செய்திருக்கிறார். குருசு இடுக்கில் நிற்க வேண்டும் என்றால், கடலிலிருந்து பார்க்கும்போது கோயில் குருசு மலைப் பிளவுக்குள் வந்து நிற்க வேண்டும்.

ஊரில் பெண் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகிற வழக்கம் இல்லை. டெல்பினுக்குக் கணிச்சம் என்ற சொல் தெரியும், ஒரு நாளும் வைத்துப் பார்த்ததில்லை. ஆன்றோவோ கூகுள் மேப் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குப் போகாதவன். கடற்காரன் சொன்ன வழியை இரண்டு பேரும் தரையில் நடந்து தேடியிருக்கிறார்கள். வேறு யாருக்கு வாய்க்கும் இந்த முட்டாள்தனம்?

படகுக்காரியின் பெயர் ஆர்லெட். டெல்பின் மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் கதையைக் கொட்டினாள். ஆர்லெட் வலையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்கப்பா மீனவரா?" என்றாள்.

"ஆமாம்."

"அப்ப பொய் சொல்லியிருப்பார். மீனைப் பற்றி. இடத்தைப் பற்றி ஒரு மீனவனும் பொய் சொல்ல மாட்டான்." அவள் கிழக்கு முனையைக் காட்டினாள். "வெள்ளைக் கல் அதோ, பறவை எச்சம் படிந்து கிடக்கிற பாறை. அதற்குப் பின்னால் மேட்டில் ஒரு தென்னை நின்றது உண்மை. புயல் கொண்டு போய்விட்டது. இப்போது அதே மேட்டில் செல்போன் கோபுரம். நாங்கள் அதை வைத்துத்தான் பார்க்கிறோம்."

"எங்களைக் கூட்டிப் போவீர்களா? நாலரைக்குக் கப்பலில் இருக்க வேண்டும்."

ஆர்லெட் வானத்தைப் பார்த்தாள், அலையைப் பார்த்தாள். "காற்று மாறுகிறது. இப்போதே ஏறுங்கள். யோசிக்கிறவர்கள் கரையில் நில்லுங்கள்."

டெல்பின் ஏறினாள். ஆன்றோ ஏறினான். நவமணி மணலில் நின்று படகையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ இங்க இரு நவமணி, பரவாயில்ல," என்றாள் டெல்பின்.

"அட போ புள்ள. நீ செத்துக்கித்துப் போனா உங்கப்பனுக்கு ஆரு பதில் சொல்றது?" அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு படகுக்குள் காலை வைத்தாள்.

*

பவளப் பாறைச் சந்து வழியைத் தாண்டியதும் கடல் வேறு முகம் காட்டியது. படகு ஏறி ஏறி விழுந்தது. உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. நவமணி அவள் ஊர்ச் சாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடித்துவிட்டு, டெல்பினின் மாதாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டாள்.

டெல்பின் படகின் முன்னால் மண்டியிட்டு நின்றாள். "குருசு இடுக்குக்கு வலப்பக்கம் நிக்குது... இன்னும் கிழக்க போணும்... இன்னும்..." கோயில் குருசு மெல்ல நகர்ந்தது. மலைச்சரிவைத் தொட்டது, பிளவின் ஓரத்துக்கு வந்தது, உள்ளே நுழைந்து நடுவில் நின்றது! "நில்லுங்க! இந்தக் கோட்டிலேயே வெளியே போங்க!"

"வெள்ளைப் பாறையை நான் பார்க்கிறேன்," என்று ஆன்றோ எழுந்து நின்றான். பாறைக்கு இடப்பக்கம் தெரிந்த கோபுரம், படகு போகப் போக நெருங்கி வந்தது. சரியாகப் பாறையின் தலையில் ஏறி உட்கார்ந்தது.

ஆர்லெட் எஞ்சினைத் தணித்தாள். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

செங்குத்தான கருப்புப் பாறைச் சுவர். அதற்கு முன்னால் தூண் போல ஒரு பாறை. அந்தத் தூணுக்கும் சுவருக்கும் நடுவே, வேறெங்கிருந்து பார்த்தாலும் மறைந்துவிடும் இடத்தில், ஒரு கருப்பு வாய் திறந்திருந்தது.

டெல்பின் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். "அப்பா," என்றாள்.

"முப்பது வருஷமாக இங்கே மீன் பிடிக்கிறேன்," என்றாள் ஆர்லெட். "இந்தப் பாறைப் பக்கம் யாரும் ஒதுங்குவதில்லை. கேளுங்கள். படகு இதற்கு மேல் போகாது. பெரிய அலை மூன்று வரும். அப்புறம் கொஞ்ச நேரம் கடல் மூச்சு விடும். அப்போது நீந்துங்கள். காற்று இன்னும் ஏறினால் அந்த வாயை அலை அடைத்துவிடும். கால் மணி நேரம்தான் தருவேன்."

மணி இரண்டு நாற்பது. உயிர்காக்கும் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். நவமணி படகில் கிடந்த நீளக் கயிற்றை எடுத்தாள். நடுங்கிக்கொண்டிருந்த கை கயிறு பட்டதும் நிதானத்துக்கு வந்தது. டெல்பினின் இடுப்பிலும் ஆன்றோவின் இடுப்பிலும் சுற்றி, விருட்டென்று ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள்.

"லோடு கட்டற முடிச்சு. பதினாறு டன் நெல்லு மூட்டையே இதுல நிக்கும். நீங்க ரெண்டு பேரு என்ன பெருசு. இந்தப் பக்கத்து முனை என்ற கையில இருக்குது, போங்க."

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது அலை பாறையில் மோதி நுரையாக வழிந்தது. "இப்போ!" என்றாள் ஆர்லெட்.

குதித்தார்கள். ஹூஸ்டன் நீச்சல் குளத்தில் கற்ற நீச்சலைக் கடல் மதிக்கவே இல்லை. டெல்பின் கையை வீசினாள், காலை உதைத்தாள், உப்பை விழுங்கினாள், மறுபடி வீசினாள். தூணைத் தாண்டும்போது தண்ணீர் அவளைத் தூக்கி அப்படியே வாய்க்குள் எறிந்தது. முழங்கால் பாறையில் உரசி எரிந்தது. விரலுக்கு ஒரு விளிம்பு அகப்பட்டது. பற்றிக்கொண்டு ஏறினாள். ஆன்றோ பின்னால் தவழ்ந்து வந்து மல்லாந்து விழுந்தான்.

உள்ளே இருட்டு. வௌவால் வீச்சம். படி போல உயர்ந்த பாறை, அதற்கு மேல் காய்ந்த மேடு. சுவரில் ஒரு கீற்றாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. டெல்பின் நாக்கை நீட்டிப் பார்த்தாள். நல்ல தண்ணீர்!

ஆன்றோ தண்ணீர் புகாத உறையிலிருந்து போனை எடுத்து வெளிச்சம் காட்டினான். சுவர் நெடுகப் பச்சைப் பாசி. துடைத்தார்கள். ஒன்றுமில்லை. இன்னும் உள்ளே போய்த் துடைத்தார்கள்.

"எக்கா. இங்க வா."

இரும்பால் ஆழமாகக் கீறிய கோடுகள். டெல்பின் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. அதற்குக் கீழே, தமிழில், கோணல் மாணலாக: கிளீட்டஸ். ஏசுதாசன்.

அவள் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். இருபத்து நாலு வருஷமாக இந்த எழுத்து இங்கே இருந்திருக்கிறது. ஊர் சிரித்தபோதும் இருந்தது. அவள் முற்றத்தில் நின்று கத்திய நாளிலும் இங்கேதான் இருந்தது.

"அழுவாதக்கா. இதப் படி," என்றான் ஆன்றோ. அவன் தோள் குலுங்கியது, ஆனால் அழுகையால் இல்லை. பெயர்களுக்குப் பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'காலொடிஞ்ச ஏசுதாசன் தூண்டிலில் பிடித்த மீன் பதினேழு. கிளீட்டஸ் பிடித்தது ஒன்று. அதுவும் செத்து மிதந்தது.'

"தினம் ஒரு மீனைக் குத்திப் பிடிச்சேன்னுல்லா பெரியப்பா சொல்லுவாரு," என்று ஆன்றோ வயிற்றைப் பிடித்துக்கொண்டான். டெல்பின் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். படகுக்காரி சொன்னது எவ்வளவு சரி!

படம் எடுத்தார்கள். ஒன்றுக்கு இருபது எடுத்தார்கள். அப்போது இடுப்புக் கயிறு இரண்டு தடவை வெடுக்கென்று இழுபட்டது. வெளியே ஆர்லெட்டின் விசில்.

வாயைப் பார்த்தார்கள். வெளிச்சம் வருவதும் மறைவதுமாக இருந்தது. அலை வாயை நிரப்பி நிரப்பி வடிந்தது. காற்று ஏறிவிட்டது!

"மூணு எண்ணு," என்றாள் டெல்பின். "போன் உறை பூட்டியாச்சா?"

"உசிரை விட அதைத்தான் பத்திரமா வச்சிருக்கேன்."

மூன்றாவது அலை வடிந்ததும் பாய்ந்தார்கள். பாதி வழி வந்தபோது கணக்கில் இல்லாத நாலாவது அலை எழும்பியது. இரண்டு ஆள் உயரம்! அது டெல்பினைச் சுருட்டித் தூணின் பக்கம் எறிந்தது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. காதுக்குள் இரைச்சல். கை ஆன்றோவின் சட்டையைப் பிடித்தது, விடவில்லை. அந்த நேரத்தில் இடுப்பில் கயிறு இறுகியது. ஒரே இழுப்பு! படகின் விளிம்பில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நவமணி இழுத்தாள். ஆர்லெட் எஞ்சினைப் பின்னால் முடுக்கினாள். கயிறு விறைத்தது. ராசிபுரத்து முடிச்சு அசையவில்லை. பாறையிலிருந்து விலகி வந்த இருவரையும் வலை மீனைப் போல அள்ளிப் படகில் போட்டார்கள்.

"இருந்துச்சா?" என்றாள் நவமணி மூச்சு வாங்க.

"இருந்துச்சு."

நவமணி படகின் நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கடலுக்கு நடுவில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

*

மணி மூன்று பத்து. வேனைப் பிடித்துப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்றாள் ஆர்லெட். கரையை ஒட்டிப் படகை விரட்டினாள். நாலு இருபதுக்கு மீன்பிடிப் படகுத்துறை. அங்கிருந்து கப்பல் நிற்கும் இடம் நன்றாகத் தெரிந்தது, ஆனால் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். டெல்பின் ஆர்லெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குச் சொல்," என்றாள் ஆர்லெட். "அவர் கொடுத்த அடையாளம் ஒரு முழம் பிசகவில்லை."

ஓடினார்கள். மீன் கூடைகளைத் தாண்டி, பழக்கடைகளுக்கு நடுவே, டாக்சிக்காரர்கள் கை தட்டி உற்சாகப்படுத்த, கிழிந்த கால்சட்டையும் ஈரச் சட்டையுமாக ஓடினார்கள். கப்பல் நின்ற துறைப் பாலத்தில் கால் வைத்தபோது நாலு முப்பத்து மூன்று. மேலே கப்பலின் பால்கனிகளில் பயணிகள் வரிசையாக நின்று, கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஏறும் பலகையைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள்.

முன்னால் ஓடியவள் நவமணி! பலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டாள்.

"இன்னும் ரெண்டு பேர் வருகிறார்கள். என்னைத் தள்ளிவிட்டுத்தான் இதைத் தூக்க முடியும்," என்றாள் ஆங்கிலத்தில்.

காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். ஆன்றோ வந்தான், டெல்பின் வந்தாள். மூவரும் உள்ளே விழுந்ததும் பால்கனி முழுக்கக் கைதட்டல் எழுந்தது. அவர்களுக்கு விஷயம் எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தக் கைதட்டலை டெல்பின் வாங்கிக்கொண்டாள். பதினாலு வருஷம் பிந்தி வந்த கைதட்டல் அது என்று அவளுக்குத் தோன்றியது.

*

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மேல்தளத்துக்குப் போய் அப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே விடிந்திருந்தது. கடற்கரையில், மீன் ஏலம் போடும் கூரைக்குப் பக்கத்தில் கிளீட்டஸ் நின்றிருந்தார். பின்னால் நாலைந்து பேர் வலை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மோளே, காலையிலயே? கப்பல் டூர் எப்படி?"

"அப்பா, ஒரு படம் அனுப்பியிருக்கேன். பாருங்க."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். படத்தைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஏசுதாசன் எழுத்து," என்றார் கடைசியில். "பாவி, இத எப்ப எழுதினான்? நான் பாக்கவே இல்லியே."

"அப்பா, நான் அன்னைக்கு முத்தத்துல வச்சு சொன்னது..." என்று தொடங்கினாள் டெல்பின். "நீங்க கடல்ல நின்னு சொன்னத நான் கரையில நின்னு கேட்டேன்பா. கடல்ல போய் நின்னு பாத்தப்பதான் தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிருங்கப்பா."

கிளீட்டஸ் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவருடைய புருவம் சுருங்கியது.

"இரு. அந்தக் குகைக்குப் போவ வேற வழி கிடையாதே. நீ எப்படிப் போன?"

"நீந்தித்தான்."

"போட்டீ. குளத்துல இறங்கப் பயப்படுத பிள்ளை. சும்மா சொல்லாத."

"சத்தியமாப்பா. ஆன்றோகிட்ட கேளுங்க. ரெண்டு ஆள் உயரத்துக்கு அலை வந்து என்னைச் சுருட்டி எறிஞ்சுது. நவமணிதான் கயித்தப் போட்டு இழுத்தா."

டெல்பின் போனைத் தாழ்த்திக் காட்டிய முழங்கால் காயத்தைக் கிளீட்டஸ் பார்த்தார். அவள் இன்னும் மாற்றாத கிழிந்த கால்சட்டையைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்ல விரிந்தது. சட்டென்று திரும்பி, வலைக்காரர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வோய் பெர்க்மான்ஸ், வலைய அங்க போட்டுட்டு இங்க வாரும். எல்லாரும் வாருங்க. என் மோளு நான் கிடந்த குகைக்குப் போயிட்டு வந்திருக்கா. படம் இருக்கு, கேட்டீரா, படம் இருக்கு. அஞ்சு ஆள் உயரத்துக்கு அலை வந்திருக்கு. பிள்ளை அதுக்குள்ள பாஞ்சு..."

பக்கத்தில் நின்ற ஆன்றோ குனிந்து, "எக்கா, ரெண்டுதானே?" என்று கிசுகிசுத்தான்.

"சும்மா கிடலே," என்றாள் டெல்பின். "அப்பா சொல்லட்டும்."